இடப்பக்கத்துக் கிழக்கு

எனக்குப் பொறுமை கிடையாது. பெற்றவர்கள் சொன்னார்கள், கட்டிக்கொண்டவர் சொன்னார், நான் பெற்றதுகளும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. இத்தனை பேர் சொல்வதால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பொறுமையின்மையால் ஒரே ஒரு தடவை எனக்கு ஒரு நல்லது நடந்தது. அதனாலேயே ஒரு பொல்லாப்பும் வந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். உடன்குடியிலிருந்து கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து எனக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தைச் சேர்ந்த ஓர் ஆபீசில் கடல் படம் வரைகிற வேலை பார்த்தார். எங்கே எவ்வளவு ஆழம், எங்கே மணல் திட்டு, தோணி போகிற வழி எது என்றெல்லாம் கறுப்பு மையில் மயிரிழைக் கோடாகப் போடுவார். முத்துப்பார்களையும் வரைவார். பார் என்றால் கடலடியில் முத்துச்சிப்பி படிகிற பாறைத்திட்டு. அந்த வருஷங்களில் பாரில் சிப்பியே இல்லை. முத்துக்குளிப்பு நின்று ரொம்ப நாளாகியிருந்தது. ஆனாலும் படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இங்கே ஒன்றுமில்லை, அங்கே ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுப்பார்கள். இவர் அதையெல்லாம் புள்ளிக்கோடு போட்டுப் படத்தில் ஏற்றுவார்.

"இல்லாத சிப்பிக்கு என்னத்துக்குப் படம் போடுதீய?" என்று கேட்டேன்.

"இல்லைன்னும் எழுதி வைக்கணும்லா. அடுத்தாப்ல வாரவன் அங்கன போயி முங்கி ஏமாற வேண்டாம்லா" என்றார்.

அவர் அப்படிப்பட்ட மனுஷர். கண்டதை எழுதுவார், காணாததைக் காணவில்லை என்று எழுதுவார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் அவர் மேல் கோபப்பட்டதைச் சொல்லும்போது அவரைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊர் முழுக்க விளக்கை மூடச் சொல்லியிருந்தார்கள். தெருவிளக்குகளுக்குத் தொப்பி, ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம். தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல்களும் இருட்டாகவே நின்றன. மண்ணெண்ணெய் இல்லை, துணி இல்லை, வெளிச்சமும் இல்லை என்று ஊரே புலம்பியது. சந்தோஷப்பட்டது என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். "இந்த மாதிரி இருட்டு நம்ம ஊருக்கு இனி எப்பக் கெடைக்கும்?" என்று ஒருநாள் தெருவில் நின்றே சொல்லிவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். யார் காதிலாவது விழுந்தால் கொண்டுபோய் உள்ளே வைத்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம்.

அவர் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு டெலஸ்கோப் இருந்தது. ஆறு அங்குல வாய், ஆள் உயரக் குழாய். பள்ளிக்கூடத்து மாடியை யுத்த வேலைக்கு எடுத்துக்கொண்டபோது, வைக்க இடமில்லாமல் இவரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அது எங்கள் மொட்டைமாடியில் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணை வைக்கிற துளை குழாயின் பக்கவாட்டில் இருக்கும். தெற்கு வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டூலில் ஏறிப் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு பரதவக் குடும்பம், சிலுவை போட்டுக்கொள்கிற வேதக்காரர்கள். அந்த வீட்டு அக்கா தன் மாடியிலிருந்து, "என் வீட்டுச் செவத்துல என்னளா தேடுத?" என்று தினமும் கேட்பாள். "ஒங்க நகைய எங்க ஒளிச்சு வச்சிருக்கீயன்னு பாக்கேன்" என்று நானும் தினமும் சொல்வேன்.

வடக்கே ஒரு பெரிய நகரத்தில், வானம் பார்க்கிற ஆசை பிடித்தவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சின்ன டெலஸ்கோப்பில் தெரிகிற நட்சத்திரக் கூட்டங்களையும் புகைபோல் மங்கலாகத் தெரிகிற நெபுலாக்களையும் பட்டியல் எடுப்பது அவர்கள் வேலை. தெற்கு வானம் அவர்களுக்கு அடிவானத்துப் புழுதியில் போய்விடும். எங்களுக்கு நல்ல உயரத்தில் நிற்கும். அதனால் தெற்கை இவரிடம் விட்டிருந்தார்கள்.

பார்க்கிற ஒவ்வொன்றுக்கும் ஓர் அச்சடித்த தாள். மேலே ஒரு வட்டம். கண்ணில் பட்டதை அதற்குள் வரைய வேண்டும். வட்டத்தின் விளிம்பில் வடக்கு எது, கிழக்கு எது என்று குறிக்க வேண்டும். கீழே வெளிச்சம், அளவு, வடிவம், பார்த்தவர் பெயர். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி: தன் கண்ணால் கண்டதை மட்டுமே எழுத வேண்டும். இவர் அதுவரை இருபத்துமூன்று தாள்கள் அனுப்பியிருந்தார். சங்கத்துச் செயலாளருக்குப் பரம திருப்தி. தெற்குப் பட்டியல் முழுவதையும் இவர் பொறுப்பிலேயே விடலாம் என்று இருப்பதாகவும், அப்படி விட்டால் முதல் பக்கத்தில் இவர் பெயர் அச்சாகும் என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை இவர் எத்தனை தடவை படித்தார் என்று எனக்குத் தெரியும். ஆபீசில் இவர் வரைந்த படம் ஒன்றில்கூட இவர் பெயர் கிடையாது. அடியில் துரை பெயர்தான் இருக்கும்.

அந்த வருஷம் மழை விட்டு, பொங்கலும் கழிந்து, வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. விளக்கு வைக்கிற நேரம் தாண்டிக் கொஞ்சம்தான் ஆகியிருக்கும். அவர் தெற்கே உயரத்தில் ஒரு மூலையைப் பிடித்துவைத்துக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூலைக்கு இங்கிலீஷில் உலை என்று பெயராம். அங்கே உலையுமில்லை, அடுப்புமில்லை. சோகை பிடித்த நட்சத்திரங்கள் நாலைந்து இருக்கும், அவ்வளவுதான். கடைசியில் அவர் தாளில் 'மங்கல், உருண்டை' என்று எழுதிக்கொண்டார். எனக்கு அடுப்பில் சோறு கிடந்தது.

"ஏளா, இங்கன வா. கோடி கோடி நட்சத்திரம் பாக்கணுமா?" என்று கூப்பிட்டார்.

ஏறிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. கறுப்பு, அதில் மூன்று நட்சத்திரம். "கோடின்னு சொன்னீய, மூணுதான கெடக்கு?" என்றேன்.

"நடுவுல பாரு. பொகை மாதிரி ஒண்ணு தெரியும். அது நம்ம வானத்துல உள்ளதில்ல. நம்ம நட்சத்திரக் கூட்டத்தத் தாண்டி, அந்தால, இன்னொரு கூட்டம். அம்புட்டும் சேந்துதான் அந்தப் பொகை."

"அம்புட்டுக் கோடி இருந்தும் இம்புட்டுத்தான் வெளிச்சமா?"

"தூரம், ளா."

நடுவில் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்து வலித்தது, சோறு குழைந்துவிடும் என்று மனசு கீழே ஓடியது. எரிச்சலில் பக்கத்தில் இருந்த நட்சத்திரத்தின் மேல் கண்ணை விட்டேன். விட்டதும், ஓரக் கண்ணில் அது வந்தது. திரும்பி நேரே பார்த்தேன், போய்விட்டது. மறுபடி நட்சத்திரத்தைப் பார்த்தேன், மறுபடி வந்து நின்றது. நேரே பார்த்தால் ஒளிந்துகொள்கிற கள்ளப்பூனை மாதிரி. நானும் அதைப் பார்க்காத மாதிரி பாவனை செய்துகொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அது உருண்டையாக இல்லை. குறுக்கே ஒரு கம்பு. கம்பின் ஒரு முனை மேலே மடங்கியிருந்தது, மறு முனை கீழே மடங்கியிருந்தது.

"ரெண்டு மொனையிலயும் கொக்கி கெட்டின தொரட்டி மாதிரில்லா இருக்கு!" என்றேன்.

அவர் என்னை இறக்கிவிட்டு ஏறினார். ரொம்ப நேரம் பார்த்தார். "உருண்டையாத்தான் இருக்கு" என்றார்.

"சைடுல பாருங்க. நேரப் பாத்தா வராது."

அந்த வித்தை அவருக்கும் தெரியும். புத்தகத்தில் படித்திருக்கிறார். ஆனால் அவரால் முடியவில்லை. எதை வரைய வேண்டுமோ அதை நேருக்கு நேர் பார்த்துக் கோடு போடுவதுதான் அவர் சோற்றுக்கு வழி. பதினொரு வருஷம் அப்படிப் பார்த்த கண், சொன்னால் கேட்குமா? ஓரமாகப் பார்க்கிறேன் என்பார், கண்மணி தானாக நடுவுக்கு ஓடும். கடைசியில் இறங்கி வந்து, "சில சமயம் மனசுல நெனைக்கது கண்ணுல வந்துரும், ளா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் தொரட்டியை மனசில் நினைத்துக்கொண்டா ஸ்டூலில் ஏறினேன்? சோற்றை அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! அன்றைக்குச் சோறு குழைந்துதான் போயிருந்தது. அப்படியே அவர் தட்டில் போட்டேன்.

மறுநாள் மாலை அவரே கூப்பிட்டார். ஒரு காகிதத்தையும் பென்சிலையும் கையில் கொடுத்து, வாயைத் திறக்காமல் கண்டதை வரை என்றார். வரைந்ததை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த நாளும் அப்படியே. இடையில் வேறு எதையாவது பிடித்து வைத்துவிட்டுச் சொல்லாமல் என்னை ஏற்றுவார். உருண்டையாக இருந்தால் உருண்டை என்றேன், ஒன்றுமில்லாவிட்டால் ஒன்றுமில்லை என்றேன். இது என்னைச் சோதிக்கிறது என்று எனக்குத் தெரியும். கோபமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஐந்தாம் நாள் ஐந்து காகிதத்தையும் தரையில் வரிசையாக விரித்தார். ஐந்திலும் அதே கம்பு, அதே சாய்வு, அதே கொக்கிகள்.

"நீ பாத்திருக்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கே புதுத்தாள் எடுத்து, என் படத்தைக் கோடு பிசகாமல் வட்டத்துக்குள் ஏற்றினார். வடக்கு மேலே வருகிற மாதிரி தாளைத் திருப்பி வைத்து, விளிம்பில் திசைகளைக் குறித்தார். வடிவம் என்ற இடத்தில், குறுக்கே தண்டு, இரு முனையும் எதிரெதிராக வளைந்தது என்று எழுதினார். பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர். என் பெயர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நீளமாக, அழகாக இருந்தது. தனக்கு மங்கல், உருண்டை என்றுதான் தெரிந்தது, வடிவத்தைக் கண்டது மனைவி என்று கூடவே ஒரு குறிப்பும் வைத்தார். இருபத்துநாலாவது தாளாக அது தபாலில் போனது. பக்கத்திலிருந்த மூன்று நட்சத்திரங்களை அதில் வரைய வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. வடிவத்திலேயே குறியாக இருந்துவிட்டோம்.

பங்குனி வெயில் தொடங்கியபோது பதில் வந்தது. எனக்கு அப்போது அஞ்சு மாதம். அவர் ஜன்னலோரம் நின்று படித்தார். முகம் மாறியது. என்ன என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றார். விடுவேனா? வரி வரியாகத் தமிழில் சொல்ல வைத்தேன்.

செயலாளரிடம் பெரிய டெலஸ்கோப்பில் எடுத்த போட்டோ அச்சான புத்தகம் ஒன்று இருந்ததாம். என் படத்தை அதோடு ஒத்துப் பார்த்திருக்கிறார். கம்பு உண்மை, கொக்கிகளும் உண்மை. ஆனால் விளிம்பில் குறித்த திசைப்படி வைத்துப் பார்த்தால் இடம் வலமாக மாறி, கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கிறது. கண்ணால் பார்த்து வரைந்தால் இப்படி மாற நியாயமில்லை. எங்கேயோ கண்ட போட்டோவை ஞாபகத்தில் வைத்து வரைந்தால்தான் இப்படி மாறும். ஆகவே அம்மையாரின் படத்தைத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. கணவருக்குத் தெரிந்தபடி 'மங்கல், உருண்டை' என்றே பட்டியலில் போடலாம். கூடவே ஒரு புதுத்தாளை வைத்திருக்கிறார். அதில் உருண்டை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், தெற்குப் பட்டியல் பொறுப்பையும் உறுதிசெய்துவிடலாம்.

மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். மரியாதையாக என்னைப் பொய்க்காரி என்று எழுதியிருந்தார்.

நான் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு போட்டோ கிடையாது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் என்னைப் பார்த்தார் பாருங்கள், ஒரு நிமிஷம், அதை என்னால் பொறுக்க முடியவில்லை. "பள்ளிக்கூடத்துப் புஸ்தகம் எதுலயாவது..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். உட்கார்ந்து அழுதேன். ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்வார்கள், எனக்குக் கவலையில்லை. கண்டதைக் கண்டேன் என்று சொன்னதை அவர் சந்தேகப்பட்டுவிட்டாரே என்றுதான் அழுகை.

அந்தப் புதுத்தாள் மேஜையில் கிடந்தது. அவர் கையெழுத்துப் போடவுமில்லை, கிழித்துப் போடவுமில்லை. நாலு நாள் நாங்கள் சரியாகப் பேசவில்லை. அவர் தினமும் அந்தத் தாளை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு ஆபீசுக்குப் போவார்.

ஐந்தாம் நாள் துணி அலசினேன். யுத்தத்தில் துணி கிடைக்காததால், படம் வரைகிறவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கடல் படத்தை மெல்லிய மெழுகுத் துணியில்தான் நகல் எடுப்பார்கள். நகல் பழசாகித் தள்ளிவிட்டால் வீட்டுக்குக் கொண்டுவரலாம். சுடுதண்ணீரில் ஊறப்போட்டுக் கசக்கினால் மெழுகும் கஞ்சியும் மையும் போய், பஞ்சு மாதிரி வெள்ளைத் துணி மிஞ்சும். பிள்ளைச் சட்டைக்கு அதைவிட நல்ல துணி எங்கே கிடைக்கும்? அப்படி ஒன்றைத் தண்ணீரில் போடுவதற்கு முன், கிழிசல் இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். எங்கள் ஊர்க் கரைதான், முத்துப்பார்களோடு. ஆனால் கடல் இடப்பக்கம் இருந்தது.

தூத்துக்குடிக்கு மேற்கே எங்கே கடல்? துணியைத் திருப்பினேன். கடல் வலப்பக்கம், கிழக்கே, ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது. பின்பக்கமாகப் பிடித்திருக்கிறேன். மறுபடி திருப்பினேன். கடல் இடப்பக்கம். கை அப்படியே நின்றது.

துணியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். வயிற்றுப்பிள்ளைக்காரி ஓடக் கூடாது என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. தரையில் வடக்கே தலைவைத்து மல்லாக்கப் படுத்தேன். வானத்தின் வடக்கு தலைமாட்டில். இடக்கையை நீட்டினேன். அந்தப் பக்கம்தான் கடல்.

"ஏளா, வடக்க தலைய வச்சா படுத்துருக்க? எந்திரி!" என்று பக்கத்து மாடியிலிருந்து அக்கா கத்தினாள். வேதக்காரியாக இருந்தாலும் வடக்கே தலைவைப்பதில் அவளும் எங்களைப்போலத்தான்.

சாயங்காலம் அவர் வந்ததும் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனேன். "இங்கன படுங்க. தலை வடக்க" என்றேன்.

"வடக்க தலை வைக்கச் சொல்லுத. ஒரேயடியாப் போயிச் சேரச் சொல்லுதியா?" என்றார். நாலு நாளில் அதுதான் அவர் முதலில் முகம் கொடுத்துப் பேசிய பேச்சு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் படுக்க வைத்தேன்.

"வானத்துப் படத்துல வடக்கு மேல இருந்தா, கெழக்கு எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்" என்றார் யோசிக்காமல்.

"கைய நீட்டுங்க."

வலக்கையை நீட்டினார். அந்தக் கை ஊர்ப்பக்கம் போனது. கடற்காற்று இடப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. வலக்கையை மடக்கிக்கொண்டு இடக்கையை நீட்டினார். கடல் படத்தை நாம் மேலேயிருந்து குனிந்து பார்க்கிறோம், வடக்கு மேலே என்றால் கிழக்கு வலப்பக்கம். வானத்தை அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கிறோம், வடக்கு மேலே என்றால் கிழக்கு இடப்பக்கம் வந்துவிடும். தெரியாத விஷயமா? அவருக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. பதினொரு வருஷமாக வடக்கைப் போட்டதும் வலப்பக்கம் கிழக்கைப் போட்ட கை, என் தாளிலும் அப்படியே போட்டுவிட்டது. நான் வரைந்தது சரி. அவர் எழுதிய 'கிழக்கு' தப்பு.

எழுந்து கீழே ஓடினார். நானும் பின்னால் போனேன். தான் அனுப்பிய தாள்களின் நகல்களை எடுத்தார். முதல் தாள், ஒரு நட்சத்திரக் கூட்டம், வடக்கு மேலே, கிழக்கு வலப்பக்கம். அச்சடித்த நட்சத்திர வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தப்பு. இரண்டாவது, தப்பு. இருபத்துமூன்றையும் பார்த்தார். இருபத்துமூன்றும் தப்பு. அவை சங்கத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டு ஒரு வருஷமாகக் கிடக்கின்றன. அவர் போட்டார் என்பதால் யாரும் ஒத்துப்பார்க்கவில்லை. நான் போட்டேன் என்பதால்தான் புத்தகத்தைத் திறந்திருக்கிறார்கள்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"ஒன்னோடத மட்டும் திருத்திருவம். திசை மாறிப்போச்சுன்னு ஒரு வரி எழுதிப் போட்டாப் போதும்" என்றார்.

"போட்டோ இப்பிடி இருக்குன்னு அவரு சொன்ன பெறகு, நாம திருத்துனா யாரு நம்புவா? கேட்டுட்டு மாத்துதாங்கன்னுதான சொல்லுவாரு?" என்றேன். அதற்குமேல் சொல்வதற்கு எனக்கே தயக்கமாக இருந்தது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ஒங்க இருபத்துமூணும் அவருகிட்டதான இருக்கு? எனக்கு அதுதான் சாச்சி."

அவருக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்துதான் சொன்னேன். என் கண் பொய் சொல்லவில்லை என்று காட்ட வேண்டுமென்றால், தன் இருபத்துமூன்று தாளும் தப்பு என்று அவர் தன் கையால் எழுத வேண்டும். எழுதினால் தெற்குப் பட்டியலும் போகும், முதல் பக்கத்துப் பெயரும் போகும். எழுதாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மேஜையில் கிடக்கிற தாளில் உருண்டை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். நான் தடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். ஒன்றும் செய்திருக்க மாட்டேன். அவரோடுதான் இருந்திருப்பேன், பிள்ளை பெற்றிருப்பேன், சோறு போட்டிருப்பேன். ஆனால் அந்த ஸ்டூலில் மறுபடி ஏறியிருக்க மாட்டேன். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

திரும்பி வந்ததும் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தார். எழுதி முடித்து, நான் கேட்காமலே தமிழில் படித்துக் காட்டினார். நான் கடல் படம் வரைகிறவன். அந்தப் பழக்கத்தில் என் எல்லாத் தாளிலும் கிழக்கை வலப்பக்கம் குறித்துவிட்டேன். நீங்கள் கடிதம் எழுதுவதற்கு முன்பே உங்களிடம் வந்த என் தாள்களில் எதை வேண்டுமானாலும் நட்சத்திர வரைபடத்தோடு ஒத்துப்பாருங்கள், எல்லாவற்றிலும் இதே தப்பு இருக்கும். இருபத்துநாலாவது தாளிலும் படம் சரி, திசை குறித்த என் கை தப்பு. அந்த வடிவத்தை என்னால் காண முடியவில்லை, என் மனைவி கண்டாள். நான் காணவில்லை என்பதற்காக அதை உருண்டை என்று எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன்.

படித்து முடித்துக் கடிதத்தை மடித்தார். அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். "சாப்பிடுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? மறுநாள் அவரே தபாலாபீசுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

பிறகு பதிலே இல்லை. சித்திரை போனது, வைகாசி போனது. காற்றுக் காலம் வந்து உப்பளத்து மண்ணை வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டியது. டெலஸ்கோப் சாக்குக்குள்ளேயே நின்றது. மகள் பிறந்தாள். அவர் ஆபீசுக்குப் போவார், வருவார், பிள்ளையைத் தூக்கிக்கொள்வார். சங்கத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார். நானும் எடுக்கவில்லை. இவர் பெயரை நானே கெடுத்துவிட்டேனோ என்று சில நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் வராது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தபோது, தபால்காரர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் பிரித்தார். மேலே சின்னக் கடிதம், நாலு வரி. தெற்குப் பட்டியலை வேறு ஊர்க்காரர் ஒருவர் பொறுப்பில் விட்டாயிற்று. தாள்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம், ஒவ்வொன்றையும் வானத்தில் மறுபடி பார்த்துப் புதிதாக வரைந்து அனுப்ப வேண்டும். நேர்மையாக எழுதியதற்கு நன்றி. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"போனாப் போகுது" என்றார். முகம் அவ்வளவு வாடவில்லை. "எல்லாத்தையும் மறுபடி பாக்கணும். ரெண்டு வருஷம் ஆவும்." அதைச் சொல்லும்போதே மாடிப்படியைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு தாள்களை எண்ண ஆரம்பித்தார். கடல் படக்காரர் அல்லவா, எதையும் எண்ணாமல் வைக்க மாட்டார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பொட்டலத்துத் தாளை உதறிப் பார்த்தார். குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

"ஏளா, இருபத்துமூணுதான் இருக்கு. ஒன்னோடதக் காணலியே?"

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முதலில் விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தப்பான தாள்களைத்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள். என்னுடையதை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.